முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போடும் மருந்து

சமீப காலமாக என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். “சிஸ்டர், மெக்னீசியம் மாத்திரை வாங்கிப் போடலாமா? சத்து மாத்திரைதானே, ஒண்ணும் செய்யாதுல்ல?” தூக்கம் வரவில்லை என்று ஒருவர் கேட்கிறார். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று இன்னொருவர். பரீட்சை நேரத்தில் மனசு படபடக்கிறது என்று ஒரு கல்லூரிப் பெண். எல்லோரும் யூடியூபில் ஏதோ பார்த்திருக்கிறார்கள். பாதிப் பேர் என்னிடம் கேட்பதற்கு முன்பே டப்பாவை வாங்கி வீட்டில் வைத்துவிட்டார்கள்.

நான் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சத்து மாத்திரையாக மெக்னீசியம் எனக்குப் பழக்கமில்லை. ஊசி மருந்தாகத்தான் பழக்கம். அதன் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு, அதே அளவு பயமும் உண்டு. அந்தப் பயம் ஏன் என்று விளக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வார்டில் அதை “மேக்சல்ஃப்” என்போம். மெக்னீசியம் சல்ஃபேட். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் எகிறி, சிறுநீரில் புரதம் போய், கண் மங்கி, தலை வெடிப்பதுபோல வலித்து, கடைசியில் வலிப்பு வரும். ஈக்ளாம்ப்சியா என்று பெயர். தாயையும் பிள்ளையையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிற நோய். அந்த வலிப்பைத் தடுக்க இதைவிட நல்ல மருந்து இன்றுவரை இல்லை. 2 மில்லி ஆம்பியூலில் 1 கிராம் இருக்கும். பக்கத்துக்கு ஐந்து ஆம்பியூல் வீதம் இரண்டு பிட்டத்திலும் ஆழமாகப் போட்டுவிட்டுத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்ப வேண்டும் என்பது விதி. எங்களிடம் வந்தபின் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம். பிரசவம், கடைசி வலிப்பு இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் வரை தொடரும்.

ஊசி ஏறும்போதே பல பெண்கள் சொல்வார்கள்: “உடம்பெல்லாம் குப்புனு சூடு பரவுது சிஸ்டர்.” முகம் சிவக்கும், வியர்க்கும். ரத்தக் குழாய்கள் விரிவதால் வருவது அது. அதற்கு நாங்கள் பயப்பட மாட்டோம். நாங்கள் பார்ப்பது வேறு மூன்று விஷயம். முட்டிச் சில்லுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளுகிறதா? நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் மூச்சு ஓடுகிறதா? யூரின் பேக்கில் மணிக்கு 30 மில்லியாவது இறங்கியிருக்கிறதா? மூன்றும் சரியாக இருந்தால்தான் அடுத்த ஊசி. ஒன்று தவறினாலும் கையை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான். கட்டிலுக்குப் பக்கத்து ட்ரேயில் கால்சியம் குளுகோனேட் தயாராக இருக்கும். அது மாற்று மருந்து. அந்த ஆம்பியூல் ட்ரேயில் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் ஒரு நைட் டூட்டியும் ஏற்றுக்கொண்டதில்லை.

இந்த முறையை 1955-இல் எழுதி வைத்தவர் ஜாக் பிரிச்சர்ட், அமெரிக்காவில் டல்லஸ் நகரத்துப் பார்க்லேண்ட் மருத்துவமனை மருத்துவர். அவர் பெயரால்தான் இன்றும் நம் ஊர் வார்டுகளில் ‘பிரிச்சர்ட் ரெஜிமன்’ என்கிறோம். 1984-இல் அவரும் சக மருத்துவர்களும் தங்கள் மருத்துவமனையில் வந்த 245 ஈக்ளாம்ப்சியா பெண்களின் கணக்கை வெளியிட்டார்கள். அத்தனை பேரில் இறந்தவர் ஒரே ஒரு தாய். வலிப்பால் அல்ல. நரம்பு வழியாகத் தவறுதலாக அதிகம் ஏறிவிட்ட மெக்னீசியத்தால். அந்த மருந்தை உலகத்திலேயே நன்றாக அறிந்தவர்கள் இருந்த இடத்தில் அப்படி நடந்தது. நர்ஸிங் மாணவிகளுக்கு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் நான் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

மருந்தின் பெருமையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயமில்லை. 2002-இல் வெளிவந்த ‘மேக்பை’ ஆய்வில் 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் கலந்துகொண்டார்கள். மெக்னீசியம் வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைத்தது. எத்தனையோ தாய்மார் உயிரோடு வீடு திரும்பியது இந்த ஊசியால்தான். அதனால் கர்ப்பிணிகள் யாரும் இந்தப் பதிவைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் மேக்சல்ஃப் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆள் பக்கத்திலிருந்து பார்த்துப் போடும்போது அது காப்பாற்றும் மருந்து. என் கவலையெல்லாம், ஆள் இல்லாமல் வீட்டில் உள்ளே போகும் மெக்னீசியம் பற்றித்தான்.

முட்டியை ஏன் தட்டிப் பார்க்கிறோம்? நரம்பு தசைக்கு ஆணை கொடுக்க வேண்டுமென்றால் நரம்பின் நுனிக்குள் கால்சியம் நுழைய வேண்டும். அந்த வாசலில் மெக்னீசியம் போய் உட்கார்ந்துகொள்ளும். கால்சியம் நுழைய முடியாது, ஆணை போகாது, தசை தளரும். வலிப்புக்காரிக்கு அந்தத் தளர்ச்சி ஓரளவு நல்லது. எல்லை தாண்டினால் அதே தளர்ச்சி மூச்சுத் தசைக்குப் போகிறது, இதயத்தின் துடிப்பை மந்தமாக்குகிறது. மாற்று மருந்து கால்சியமாக இருப்பதும் இதனால்தான்.

ரத்தத்தில் மெக்னீசியம் சாதாரணமாக டெசிலிட்டருக்கு 1.7 முதல் 2.3 மில்லிகிராம் வரை இருக்கும். வார்டில் நாங்கள் வேண்டுமென்றே அதை 5, 6 என்று ஏற்றுகிறோம். 9-ஐத் தாண்டினால் முட்டி துள்ளுவது நிற்கும். 12-ஐத் தாண்டினால் மூச்சு மந்தப்படும். 30-க்கு மேல் இதயமே நின்றுபோகும். கால் துள்ளுவது நின்றுவிட்டது என்றால், மூச்சு நிற்பதற்கு முன் உடம்பு நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை அது. வீட்டில் யார் தட்டிப் பார்ப்பார்கள்?

இப்போது சிறுநீரகத்துக்கு வருவோம். மூன்றாவதாக நாங்கள் யூரின் பேக்கைப் பார்ப்பது ஏன் என்றால், ரத்தத்துக்குள் வந்துவிட்ட மெக்னீசியத்துக்கு வெளியேறும் வழி அது ஒன்றுதான். நல்ல சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 2,400 மில்லிகிராம் மெக்னீசியத்தை வடிகட்டி, அதில் 95 சதவீதத்துக்கு மேல் திரும்ப உடம்புக்கே எடுத்துக்கொள்கிறது. உள்ளே அதிகம் வந்தால் திரும்ப எடுப்பதைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விட்டுவிடும். நம் ஊர்க் கண்மாய் கலுங்கு மாதிரி. மழை எவ்வளவு பெய்தாலும் கலுங்கு அடைபட்டுப்போகாமல் இருக்கிற வரை கரை உடையாது. கலுங்கில் மண் மேடிட்டுவிட்டால் சாதாரண மழைக்கே ஊருக்குள் தண்ணீர் வரும். ஆரோக்கியமான இளைஞர் ஒருவர் கொஞ்சம் அதிகமாக மாத்திரை போட்டால் வயிற்றால் போவதோடு முடிந்துவிடும். சிறுநீரகம் கெட்டவருக்கு மருந்துக் கடையில் சும்மா கிடைக்கிற மலச்சிக்கல் சிரப்பே போதும்.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் தெருப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர். சர்க்கரை நோய் பல வருஷமாக உண்டு. மலச்சிக்கலும் உண்டு. ராத்திரி படுக்கும் முன் வெள்ளைச் சிரப்பு குடிப்பார். அது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. முதலில் ஒரு மூடியாக இருந்தது, போகப் போக இரண்டு, மூன்று என்று ஏறியது. நெஞ்செரிச்சலுக்கு ஆசிட் ஜெல் வேறு. அதிலும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு உண்டு என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் காலையில் மருமகள் ஓடி வந்தாள்.

“அக்கா, மாமா எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க. கூப்பிட்டா கண்ணத் தொறக்கறாங்க, திரும்பவும் சொருகிப்போகுது. பேச்சும் குழறுது.”

“சுகர் பாத்தியா?”

“பாத்தேன்க்கா, நூத்திச் சொச்சம் இருக்கு.”

பக்கவாதம் என்று நினைத்துத்தான் கொண்டுபோனார்கள். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, நாடி மெதுவாக ஓடியது. தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அங்கே பணியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் இரண்டு முட்டியையும் தட்டிப் பார்த்தார். இரண்டும் அசையவில்லை. “வீட்ல என்னென்ன மருந்து சாப்பிடறார், எல்லாத்தையும் சொல்லுங்கம்மா” என்று கேட்டார். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் மருமகள் சொன்னாள். சிரப்பைச் சொல்லவில்லை, அது மருந்து என்றே அவளுக்குத் தோன்றவில்லை. நான் சொன்னேன். உடனே மெக்னீசியத்துக்கு ரத்தம் அனுப்பினார்கள். சாதாரண அளவைப் போலப் பல மடங்கு இருந்தது. கிரியேட்டினினும் கூடியிருந்தது. சர்க்கரை நோய் உள்ளுக்குள் சிறுநீரகத்தை அரித்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கால்சியம் குளுகோனேட் போட்டார்கள், டயாலிசிஸ் செய்தார்கள். பிழைத்துவிட்டார். அந்த டாக்டர் தம்பிக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘எலக்ட்ரோலைட்ஸ்’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் நம் ஊர் லேபில் பெரும்பாலும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் பார்ப்பார்கள். மெக்னீசியம் அதில் வராது, தனியாக எழுத வேண்டும். யாருக்காவது சந்தேகம் வந்தால்தான் எழுதுவார்கள். மயக்கம், தளர்ச்சி, குழறல், தாழ்ந்த பிரஷர் என்று இந்த அறிகுறிகள் எல்லாமே வயதானவருக்கு வேறு பத்துக் காரணத்தால் வரக்கூடியவை. வயசாகிவிட்டது, அதான் அசந்து தூங்குகிறார் என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள்.

மலச்சிக்கலே இந்த ஆபத்தைக் கூட்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வாய்வழியாகப் போகும் மெக்னீசியத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும். மிச்சம் குடலிலேயே தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடும். வயிற்றால் போவது ஒரு வகையில் பாதுகாப்பு. குடல் நகரவே இல்லையென்றால் அவ்வளவும் உள்ளேயே தங்கி மெல்ல மெல்ல ரத்தத்தில் ஏறும். ஏறிய மெக்னீசியம் குடல் தசையையும் தளர்த்தும். மலம் இன்னும் இறுகும். மலம் போகவில்லையே என்று இன்னொரு மூடி குடிப்பார்கள். இந்தச் சுழலில்தான் பெரியவர் மாட்டினார்.

இது எங்கள் தெருவோடு நிற்கிற விஷயமில்லை. ஜப்பானில் மலச்சிக்கலுக்கு மெக்னீசியம் ஆக்சைடு மாத்திரைதான் மிகப் பரவலாகக் கொடுக்கப்படும் மருந்து. முதியவர்கள் நிறைந்த நாடு, வருஷக்கணக்கில் தினமும் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். 2005 ஏப்ரலில் இருந்து 2008 ஆகஸ்ட் வரை கடுமையாகப் பாதிக்கப்பட்ட 15 பேரைப் பற்றி அரசுக்குத் தகவல் வந்தது, அவர்களில் இருவர் இறந்துவிட்டார்கள். அந்த நாட்டுச் சுகாதாரத் துறை அப்போதே எச்சரித்தது. 2015-இல் மறுபடி எச்சரிக்க வேண்டி வந்தது. இந்த முறை அவர்கள் சொன்னதுதான் முக்கியம்: முதியவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும், வழக்கமான அளவே கொடுத்தாலும்கூட இது நடந்திருக்கிறது, ஆகவே குறைந்த அளவில் தொடங்குங்கள், நீண்ட நாள் கொடுத்தால் ரத்தத்தில் மெக்னீசியத்தை அளந்து பாருங்கள் என்றார்கள். எத்தனையோ லட்சம் பேர் சாப்பிடும் மருந்தில் இந்த எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அளந்து பார்த்திருந்தால் தப்பியிருக்கக் கூடியவர்கள் அவர்கள்.

பேதி உப்புக்கு வருகிறேன். நம் பாட்டி காலத்திலிருந்து வீட்டில் இருப்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிட்டு வயிற்றைச் சுத்தம் செய்யும் வழக்கம் பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. எப்சம் உப்பு என்று இணையத்தில் விற்பதும் அதே மெக்னீசியம் சல்ஃபேட்தான். இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் கசப்பு ஊற்றிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் காய்ச்சி எடுத்ததால் அந்தப் பெயர். இதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெக்னீசியம். அதாவது ஒரு டீஸ்பூன் 5 கிராம் என்றால் அரை கிராமுக்குச் சற்றுக் குறைவான மெக்னீசியம் உள்ளே போகிறது.

இந்த உப்பை வைத்து இப்போது ஒரு வைத்தியம் சுற்றுகிறது. பித்தப்பைக் கல்லை வெளியே தள்ளுகிறேன், கல்லீரலைக் கழுவுகிறேன் என்று சொல்லி, சில நாள் ஆப்பிள் ஜூஸ் குடித்துவிட்டு, ஒரு சாயங்காலமும் மறுநாள் காலையுமாக நாலு டேபிள்ஸ்பூன் எப்சம் உப்பு, நடுவில் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும். நாலு டேபிள்ஸ்பூன் என்றால் சுமார் 60 கிராம் உப்பு. அதில் 6 கிராம் அளவுக்கு மெக்னீசியம். பிரசவ வார்டில் இரண்டு பிட்டத்திலும் போடும் 10 கிராம் மேக்சல்ஃபில் இருக்கும் மெக்னீசியமே 1 கிராம்தான். ஊசி முழுதும் ரத்தத்துக்குப் போகும், வாயில் குடிப்பது அப்படிப் போகாது என்பது உண்மை. ஆனால் குடிக்கிறவருக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அந்த வீடியோவில் பேசுகிறவருக்கு எப்படித் தெரியும்? அவர் யாருடைய முட்டியைத் தட்டிப் பார்த்தார்?

அடுத்த நாள் பச்சையாக உருண்டை உருண்டையாக வெளியே வருகிறதே, அது கல் இல்லையா என்று கேட்பீர்கள். 2005-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் இருவர் ஒரு பெண்ணிடமிருந்து அப்படி வந்த உருண்டைகளைச் சோதித்து ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். அவற்றில் கொலஸ்டிரால் இல்லை, பிலிருபின் இல்லை, கால்சியம் இல்லை. முக்கால் பங்கு கொழுப்பு அமிலம். 40 டிகிரி சூட்டில் உருகிவிட்டது. குடித்த எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் வயிற்றுக்குள் சேர்ந்து ஆன சோப்பு உருண்டைகள் அவை. உண்மையான கல் பித்தப்பையில் அப்படியே இருந்தது, பிறகு அறுவை சிகிச்சையில்தான் எடுத்தார்கள். இந்த வைத்தியத்தைச் செய்ய வேண்டாம் என்று உங்களை இரு கை கூப்பிக் கேட்கிறேன். குழந்தைகளுக்குப் பேதி உப்பு கொடுப்பதும், அதைக் கரைத்து எனிமா வைப்பதும் இன்னும் மோசம். அவர்கள் எடைக்கு ஒரு ஸ்பூனே அதிகம்.

குளிக்கும் தண்ணீரில் எப்சம் உப்பு போடுவது பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. காயமில்லாத தோல் வழியே மிகக் கொஞ்சம்தான் ஏறும். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் மட்டும் வெந்நீரில் கால் வைக்கக் கூடாது, அதற்குக் காரணம் சூடு, உப்பு அல்ல. சாக்கடலில் மூழ்கியவர்கள் கதையே வேறு. அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல் மெக்னீசியம் உண்டு. சாதாரணக் கடல் நீரில் 1.3 கிராம்தான். மிதந்துகொண்டிருக்கும்போது குப்புறப் புரண்டு அந்தத் தண்ணீரை விழுங்கியவர்கள், கரையேற்றிய பிறகும் ரத்தத்தில் மெக்னீசியமும் கால்சியமும் ஏறி உயிருக்குப் போராடியதை இஸ்ரேல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சரி, டப்பாவில் வாங்கிய மாத்திரை. அமெரிக்க நிபுணர் குழு 1997-இல் வகுத்த வரம்பு இது: உணவில் வருவது போக, மாத்திரையாகவோ மருந்தாகவோ பெரியவர்கள் எடுப்பது ஒரு நாளைக்கு 350 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவில் இதையே 250 என்று வைத்திருக்கிறார்கள். இதுவும் சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கான கணக்கு. லேபிளைப் படிக்கும்போது ஒரு குழப்பம் வரும். ‘மெக்னீசியம் கிளைசினேட் 1,000 மில்லிகிராம்’ என்று போட்டிருந்தால் அது முழுதும் மெக்னீசியம் இல்லை, அதில் மெக்னீசியம் சுமார் 140 மில்லிகிராம். ஆக்சைடு என்றால் நூற்றுக்கு அறுபது பங்கு. 400 மில்லிகிராம் ஆக்சைடில் 240 இருக்கும். ‘எலிமென்டல்’ என்று தனியாகப் போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அது போடாத டப்பாவை வாங்காதீர்கள். மாத்திரை ஒன்று, தூக்கத்துக்கான பவுடர் ஒன்று, மல்டிவைட்டமின் ஒன்று, ஆசிட் ஜெல் ஒன்று என்று நாலு வழியில் உள்ளே போவதைக் கூட்டிப் பாருங்கள். டைஜீன், ஜெலுசில், கிரீமாஃபின் போல வீட்டில் எப்போதும் இருப்பவற்றிலும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு உண்டு. மருத்துவர் சொன்ன அளவில் எப்போதாவது எடுப்பதில் தவறில்லை. தினமும் குடிப்பது வேறு கணக்கு.

வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. தைராய்டு மாத்திரையை மெக்னீசியத்தோடு சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து சரியாக உடம்பில் சேராது, நாலு மணி நேர இடைவெளி வேண்டும். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக், எலும்புத் தேய்வுக்கான அலன்ட்ரோனேட், இவற்றுக்கும் இடைவெளி வேண்டும். மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கு மெக்னீசியம் பெரிய ஆபத்து. அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், தசையைத் தளர்த்தும் ஊசியின் வேலையை மெக்னீசியம் நீட்டிவிடும்.

கெண்டைக்கால் பிடிப்புக்கு அது கேட்காதா என்றால், பெரியவர்களின் ராத்திரிப் பிடிப்புக்கு மெக்னீசியம் சொல்லிக்கொள்ளும்படி உதவாது என்றுதான் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துச் சொன்னது, 2012-இல் ஒருமுறை, 2020-இல் மறுமுறை. பிடிப்பு வந்தாலே சத்துக் குறைவு என்று முடிவு கட்டக் கூடாது.

உண்மையாகவே குறைவு வருகிறவர்கள் உண்டு, அவர்களை நான் மறக்கவில்லை. நீண்ட நாள் வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், தொடர்ந்து மது குடிப்பவர்கள், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள். வருஷக்கணக்கில் காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் போடுகிறவர்களும் இதில் வருவார்கள். அந்த வகை மாத்திரைகள் மெக்னீசியத்தைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் எச்சரித்தது. இவர்களுக்கு மாத்திரை தேவைப்படலாம். அதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் எழுதித் தருவார்.

மற்றவர்களுக்குச் சாப்பாடே போதும். கீரையின் பச்சை நிறத்துக்குக் காரணமான பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பதே மெக்னீசியம்தான். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 140 மில்லிகிராம் இருக்கிறது. கம்பு, உளுந்து, கொண்டைக்கடலை, நிலக்கடலை, முந்திரி, பூசணி விதை எல்லாவற்றிலும் உண்டு. உணவில் வரும் மெக்னீசியத்துக்கு மேல் வரம்பே யாரும் வைக்கவில்லை, சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அதனால் கெடுதல் வந்ததில்லை. காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் முருங்கைக்கீரைப் பொரியல் என்று சாப்பிடுகிற வீட்டில் இந்த டப்பாவுக்கு வேலை இல்லை. சிறுநீரக நோயாளிகள் மட்டும் கீரை, பயறு விஷயத்தில்கூட டாக்டர் சொன்ன அளவில் நிற்க வேண்டும்.

கடைசியாக, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கிறவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள், மெக்னீசியம் என்ற பேரில் எதையும் தொடுவதற்கு முன் கிரியேட்டினின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்கிறார்கள். சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டுப்போகும் வரை வெளியே ஒன்றும் தெரியாது, அதனால் ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்ற உங்கள் உணர்வை நம்பாதீர்கள். மலச்சிக்கல் சிரப்பை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர வேண்டியிருந்தால் டாக்டரிடம் போங்கள், மெக்னீசியம் இல்லாத வேறு மருந்துகள் இருக்கின்றன.

மெக்னீசியம் எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அசாதாரணத் தூக்கம், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், குமட்டல், முகம் சிவந்து சூடாவது, நாடி மெதுவாக ஓடுவது, மூச்சு மந்தமாவது இவற்றில் எது வந்தாலும் உடனே அதை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கேஷுவாலிட்டிக்குப் போகும்போது பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை உள்ள மருந்துப் பையோடு அந்தச் சிரப்புப் பாட்டில், ஜெல், பேதி உப்புப் பொட்டலம், ஆன்லைனில் வாங்கிய டப்பா எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்கவில்லை என்றாலும் நீங்களாக எடுத்துக் காட்டுங்கள்.